மனநோயிலிருந்து மீண்டு வருகிறவருக்கு நாம் யார்?

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப மாலைக் கூட்டத்தில் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஜூபிலி விழாவில் கோவில் கட்டிய வரலாற்றைப் பேசுவார்கள். மணி வாங்கிய கதையைப் பேசுவார்கள். காலமான சாமியார்களை நினைத்துக்கொள்வார்கள். இந்த முறை பங்குத்தந்தை அவர்கள் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்கள் மனநோயைப் பற்றிப் பேச வேண்டும்" என்றார்கள். நான் டாக்டர் அல்லவே என்று தயங்கினேன். "டாக்டர் பேசினால் நோயைப் பற்றிப் பேசுவார். நீங்கள் வீட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். ஆகவே என் வீட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். என் தம்பியைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "பெயரைச் சொல்ல வேண்டாம்" என்றான். பிறகு அவனே சிரித்துக்கொண்டு, "சொல்லாவிட்டால் மட்டும் யாருக்குத் தெரியாது?" என்றான்.

1983-ஆம் ஆண்டு அவனுக்கு இருபத்தொரு வயது. விசைத்தறியில் இராத்திரி ஷிப்டு. ஒருநாள் விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, "அண்ணே, தறி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது" என்றான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். பிறகு வீட்டு ரேடியோவைத் துணியால் சுற்றிக் கட்டினான். அம்மா கொடுத்த சோற்றை நாய்க்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டான். ஊராருக்குத் தெரியக்கூடாது என்று வாசற்கதவைச் சாத்தினோம். இன்று நினைத்தால், நோய் வந்த நாளைவிட அந்தக் கதவைச் சாத்திய நாள்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. அந்தக் கதவு நான்கு வருஷம் திறக்கவில்லை.

இந்த ஊரில் பிறந்த நமக்கு மனநோய் புதியதல்ல. சங்கரன்கோவிலுக்குச் சித்தம் கலங்கியவர்களை அழைத்து வருவது காலங்காலமாக நடக்கிறது. கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் சக்கரக் குழியில் அவர்களை உட்காரவைத்துப் பிரார்த்திக்கிறார்கள். புற்றுமண்ணைப் பூசுகிறார்கள். ஆடித் தபசு சமயத்தில் மட்டுமல்ல, சாதாரண நாட்களிலும் எங்கிருந்தோ ஒரு தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். நம்மவர்கள் புளியம்பட்டிக்கும் உவரிக்கும் அந்தோனியாரிடம் போகிறார்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போகாத சமயத்தவர் இல்லை. இவர்கள் அத்தனை பேரும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் பள்ளிக்கூட வாத்தியார் என்ற மிடுக்கில் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தலங்களில் பைத்தியம் என்று யாரும் விரட்டுவதில்லை. தாயும் பிள்ளையும் ஒரே மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே கஷ்டம். ஆகவே மறைக்க வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ ஏட்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நம் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் ஒரு முத்துசாமி கோவில் உண்டு. அங்கே குணம் வேண்டி வந்து தங்கிய 31 பேரை டாக்டர்கள் கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கடுமையான மனநோய். மாத்திரை கிடையாது, மந்திரச் சடங்கும் பெரிதாகக் கிடையாது. காலையில் பூசை, பிறகு கோவிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலைகள். கூடவே குடும்பத்தில் ஒருவர். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். போகும்போது அவர்களுடைய நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆதரவான, அச்சமில்லாத ஓர் இடத்தில் இருந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்களே எழுதினார்கள்.

ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கை மறந்துவிடக் கூடாது. மருந்தே வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அப்படிச் சொன்னவர்களால்தான் என் தம்பி இரண்டு முறை திரும்ப நோயில் விழுந்தான்.

அடைக்கலமாக இருந்த இடமே நரகமான கதையையும் நாம் அறிவோம். ஒரு வேண்டுதல் தலத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நடத்திய கொட்டகையில் என் தம்பியையும் கொண்டுபோய் விட்டோம். ஊர் பெயர் வேண்டாம். மாதப் பணம் கட்டினோம். முதல் மாதம் போய்ப் பார்த்தபோது காலில் சங்கிலி. "ஓடிப்போய்விட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டார் நடத்தியவர். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. சங்கிலியோடு விட்டுவிட்டு வந்தோம். அம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசவில்லை. மூன்றாம் மாதம் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதன் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து, 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். செய்தித்தாளில் படித்த அன்று அம்மா, என் தம்பியின் கணுக்காலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பிற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையும் மருத்துவமும் சேர்ந்து நடப்பதற்கு ஏற்பாடு செய்தார்கள். அது நல்ல காரியம். துஆவுக்கும் மருந்துக்கும் சண்டை மூட்டிவிட்டது நம்மைப் போன்ற படித்தவர்கள்தான்.

இனி நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு என்று சொல்லப்படும் ஸ்கிசோஃப்ரினியா, எல்லா நாட்டிலும் எல்லாச் சாதியிலும் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில், அதாவது வீட்டுக்கு உதவியாகத் தலையெடுக்கிற வயதில் வரும். அளவுகடந்த உற்சாகமும் அளவுகடந்த சோர்வும் மாறி மாறி வருவது இன்னொரு நோய். எழுந்திருக்கவே முடியாத கடுமையான மனச்சோர்வு மற்றொன்று. வளர்ப்புச் சரியில்லாததால் வந்தது, பாவத்தால் வந்தது, செய்வினையால் வந்தது என்பதெல்லாம் வீண்பேச்சு. 1952-ஆம் ஆண்டு குளோர்புரோமசின் என்ற மருந்து வந்த பிறகு உலகமெங்கும் ஆஸ்பத்திரிக் கதவுகள் திறக்கத் தொடங்கின. மருந்து குரல்களை அடக்கும், தூக்கத்தைத் தரும், பயத்தைக் குறைக்கும். ஆனால் மருந்து யாருக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்காரச் சொன்னதில்லை. அது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை.

நம் மாநிலத்தில் இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். 1961 முதல் 1978 வரை சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர்கள். ஆயிரக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்த இடத்தில் வெளிநோயாளிப் பிரிவும் தொழிற்பயிற்சியும் வளர்வதற்குக் காரணமானவர்கள். ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2021-ஆம் ஆண்டு தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமாகும்வரை ஓயவில்லை. சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவு வந்த 90 பேரைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தார்கள், வேலைக்குப் போனார்கள், பலர் குடும்பம் நடத்தினார்கள். இந்த ஒரு செய்தி 1983-இல் எங்கள் வீட்டுக்கு யாராவது சொல்லியிருந்தால்! "இனி இவன் அவ்வளவுதான்" என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1957 முதலே நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்க வேண்டும் என்ற முறை உண்டு. மேல்நாட்டில் குடும்பத்தைப் பிரித்து வைத்துதான் வைத்தியம் பார்த்தார்கள். நம் நாட்டில் சமைத்துப் போட அம்மா வருவாள், கூடப் படுக்க அண்ணன் வருவான் என்பதையே வைத்தியத்தின் ஒரு பகுதியாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் குடும்பம் என்றாலே மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே என் குற்றத்தை நான் சொல்ல வேண்டும். இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் 1950-களின் கடைசியில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள் ஏன் மறுபடியும் நோயில் விழுகிறார்கள் என்று ஆராய்ந்தார். எந்த வீட்டில் ஓயாத குறைகூறலும் எரிச்சலும், அல்லது மூச்சுமுட்டும் அளவுக்குக் கண்காணிப்பும் இருந்தனவோ, அந்த வீட்டில் நோய் அதிகமாகத் திரும்பி வந்ததாக அவரும் அவர் வழி வந்தவர்களும் கண்டார்கள். சண்டிகரில் அதே ஆராய்ச்சியைச் செய்தபோது நம் நாட்டுக் குடும்பங்களில் அந்தக் குறைகூறல் இலண்டனைவிடக் குறைவு என்று தெரிந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் என் வீட்டை அவர்கள் வந்து பார்க்கவில்லை. அம்மா இறந்து பதினாறு நாள்கூட ஆகவில்லை. கடன் விஷயமாக எனக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. "உன்னைக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டுத்தானே அவள் போய்ச் சேர்ந்தாள்" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அன்று இராத்திரி தூங்கவில்லை, மறுநாளும் இல்லை. அந்த மாதக் கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பேயும் அவனைப் பிடிக்கவில்லை. என் நாக்குதான் பிடித்தது.

சரி, அவன் எப்படித் தேறினான் என்று கேட்பீர்கள். மாத்திரையால் தேறினான், அது முதல் காரியம். அதற்கு அடுத்தபடி, நம் ஊரில் நாலைந்து பேரால் தேறினான். அவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் ஏதாவது செய்ததாகவே தெரியாது.

முதலாவது, தறிப்பட்டறை முதலாளி. அவர் இன்று உயிரோடு இல்லை. மூன்றரை வருஷம் வேலைக்கு வராதவனை, "தறி ஓட்ட வேண்டாம்ப்பா, சத்தம் உனக்கு ஆகாது. பின்கட்டுல துண்டு மடிச்சுக் கட்டுப் போடு" என்று கூப்பிட்டார். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. முதல் வாரம் அவனுக்குக் கிடைத்தது ஒரு டீச்செலவுக்குத்தான் காணும். ஆனால் அதை அம்மா கையில் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று நாள் வராவிட்டால் ஒரு பையனை அனுப்புவார். "ஏன் வரவில்லை?" என்று கேட்கச் சொல்ல மாட்டார். "கட்டுப் போட ஆளில்லாம துண்டு குவிஞ்சு கிடக்கு" என்று சொல்லி அனுப்புவார். இவன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விடுவான். எந்தக் கல்லூரியில் இதைப் படித்தார் அந்த மனிதர் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இரண்டாவது, தேரடிப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர். எல்லாருக்கும் கொடுக்கிற கண்ணாடித் தம்ளரிலேயே இவனுக்கும் டீ கொடுத்தார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், தனித் தம்ளரில் டீ குடிக்க நேராதவர்கள்.

மூன்றாவது, நம் பங்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போதிருந்த உபதேசியார் நல்ல எண்ணத்தோடு இவனிடம் காலை மணி அடிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். இராத்திரி மாத்திரை போடுகிறவனால் காலை ஐந்து மணிக்கு எழ முடியுமா? இரண்டு நாள் மணி அடிக்கவில்லை. பூசைக்குப் பிந்தியவர்கள் சத்தம் போட்டார்கள். இவன் ஒரு மாதம் கோவில் பக்கமே வரவில்லை. பிறகு அந்த உபதேசியாரே வீட்டுக்கு வந்து, "தப்பு என்னோடது" என்று சொல்லி, சாயங்காலம் செபமாலைக்கு முன்னால் பாய் விரிக்கிற வேலையைக் கொடுத்தார். பாய் போய் பெஞ்சு வந்து, பெஞ்சு போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. இன்றும் நாற்காலி போடுவது அவன்தான். இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அவன் போட்டதுதான்.

நான்காவது, எதிர்வீட்டு மதினி. 1996-இல் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு நாளா தம்பி அறையில ராத்திரி பூரா லைட் எரியுது. என்னன்னு கேளுங்க" என்றார்கள். உடனே கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள்கூடப் படுக்காமல் சரியாகிவிட்டது. முந்தைய இரண்டு முறையும், முற்றி, கட்டித் தூக்கிக்கொண்டு போகும்வரை நாங்கள் கவனிக்கவில்லை. நோய் திரும்பி வருவதற்கு முன்னால் பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் போகும். பிறகு குளிப்பது நிற்கும், சாப்பாட்டில் சந்தேகம் வரும், பேச்சு குறையும். இதைக் கவனிக்க டாக்டர் பட்டம் வேண்டாம், எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் இருந்தால் போதும்.

பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய ஓர் ஊரைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெல்ஜியம் நாட்டில் கீல் என்று ஓர் ஊர். அங்கே புனித திம்ப்னாவின் கோவில் இருக்கிறது. மனைவி இறந்த துக்கத்தில் புத்தி பேதலித்த தகப்பன் கையாலேயே கொலையுண்ட அயர்லாந்து இளவரசி அவர் என்பது மரபுக் கதை, மனநோயாளிகளுக்குப் பாதுகாவலி. 1349-இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோவிலுக்கு நோயாளிகள் வந்து ஒன்பது நாள் தங்கி வேண்டிக்கொள்வார்கள். கூட்டம் அதிகமாகிக் கோவில் விடுதியில் இடம் போதாமல் போனபோது, ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். ஒன்பது நாள் தங்க வந்தவர்கள் ஒன்பது வருஷம் தங்கினார்கள். வயலில் வேலை செய்தார்கள். பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார்கள். 1850-இல் அரசாங்கம் பொறுப்பேற்று டாக்டர்களை நியமித்தது. ஆனால் வீடுகளை விட்டு அவர்களை எடுக்கவில்லை. 1930-களின் கடைசியில் அந்தச் சின்ன ஊரின் வீடுகளில் 3,500 பேருக்கு மேல் இப்படி வாழ்ந்தார்கள். இப்போது சில நூறுக்குள் குறைந்துவிட்டது என்றாலும் அந்த முறை நிற்கவில்லை. 2023-இல் யுனெஸ்கோவும் அதைப் பாராட்டிப் பதிவு செய்தது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. விருந்தாளியின் நோய்க்குப் பெயர் என்ன என்பதை வீட்டுக்காரருக்குச் சொல்வதில்லையாம். இவருக்கு இருட்டு பயம், இவருக்குக் காபியில் சர்க்கரை அதிகம் வேண்டும் என்பதை அவர்களே பழகித் தெரிந்துகொள்கிறார்கள்.

கீல் ஊரும் நம் ஊரும் ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும். இரண்டும் கோவிலை நாடி நோயாளிகள் வருகிற ஊர்கள். அவர்கள் வீட்டைத் திறந்தார்கள்; நாம் மண்டபத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1993-இல் சென்னையில் இரண்டு இளம்பெண்கள், தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன் நிறுவனம், வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்துக் குடியமர்த்துகிறது. மதுரையில் 1992 முதல் செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு மூன்றிலும் 282 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2014-இல் வெளிவந்தது. டாக்டர் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்கள், கொஞ்சம் பயிற்சி பெற்று வீட்டுக்குப் போய்ப் பேசி, மாத்திரையை நினைவூட்டி, குடும்பத்துக்குத் தைரியம் சொல்லி வந்தார்கள். வெறும் ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, ஓரளவு முன்னேற்றம்தான். ஆனால் எங்களைப் போன்ற வீடுகளுக்கு ஓரளவு என்பதே பெரிது.

சட்டமும் இப்போது நம் பக்கம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. எந்த மனநோயாளியையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. சமுதாயத்தின் நடுவே வாழ அவருக்கு உரிமை உண்டு. வீட்டார் கைவிட்டார்கள் என்பதற்காகவே ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கக்கூடாது என்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். நம் திருச்சபையும் மாறித்தான் இருக்கிறது. தற்கொலை செய்துகொண்டவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கும் பழைய விதி 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் இல்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறபோது நாம் காதோடு காது பேசுகிற பேச்சு மட்டும் இன்னும் பழைய சட்டப்படிதான் நடக்கிறது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் தம்பி ஆணாக இருந்ததால் அவனுக்கு வீடு இருந்தது. நோய் வந்த மருமகளை, "உங்கள் பெண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன வீடுகள் நம் பங்கிலும் இருக்கின்றன. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று மறைத்து மணம் முடிப்பதும் நாம்தான். குட்டு வெளிப்பட்டதும் அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்குவதும் நாம்தான். கல்யாணம் மாத்திரை அல்ல. சொல்லிச் செய்த கல்யாணங்கள் நிலைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

கெரசேனர் நாட்டில் கல்லறைகளின் நடுவே சங்கிலிகளை உடைத்துக்கொண்டு திரிந்த மனிதனை இயேசு குணமாக்கிய நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். குணமானவன் அவரோடு படகில் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினான். அவர் சம்மதிக்கவில்லை, உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பினார். நான் எப்போதும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். அவன் ஏன் கூட வருகிறேன் என்று கெஞ்சினான்? ஊர் தன்னை எப்படிப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போனான், சரி. யார் கதவைத் திறந்தார்கள்? அடுத்த வாரம் யார் வேலை கொடுத்தார்கள்? சுவிசேஷத்தில் அது எழுதப்படவில்லை.

நம் பங்கில் இப்போது எனக்குத் தெரிந்து ஆறு வீடுகளில் இந்த நோய் இருக்கிறது. தெரியாதவை எத்தனையோ. நான் காப்பகம் கட்டச் சொல்லவில்லை. கட்டடம் கட்டினால் கல்வெட்டோடு நம் கடமை முடிந்துவிடும். அன்பியத்துக்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். மருந்து வாங்கப் போகிற நாளில் கூடப் போக ஒருவர். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் நம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் வருகிறார் என்று விசாரித்து வைக்க ஒருவர். வருஷக்கணக்காக ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் மகனைக் காத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, "நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் இருக்கேன்" என்று சொல்ல ஒருவர். பூக்கடையோ தறியோ அச்சகமோ வைத்திருப்பவர்கள், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வேலையை எண்ணிப் பாருங்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?" என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய்க்காரரிடம் நீங்கள் அப்படிக் கேட்பதில்லை.

இதில் என் சுயநலமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எனக்கு அறுபத்தாறு தாண்டிவிட்டது. என் பிள்ளைகள் வெளியூரில். அவனுக்கு நான் இருக்கிறேன், எனக்குப் பிறகு யார் என்ற கேள்வி, அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது அதே கேள்வியை நான் யாரிடம் கேட்பது? வீட்டில் கேட்க ஆளில்லாததால்தான் இங்கே ஒலிபெருக்கி முன்னால் வந்து நிற்கிறேன்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பள்ளிக்கூட வராந்தாவில் நான் இருப்பேன். தம்பி நாற்காலி போட்டு வைப்பான். விருப்பமுள்ளவர்கள் வந்தால் போதும். பெயர்ப் பட்டியல் எடுக்கப் போவதில்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன அவசரம். புதன்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். வியாழக்கிழமை அவன் மருந்து வாங்கத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். காலை ஏழு மணி பஸ். தனியாகப் போவேன் என்கிறான், போவான். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் அவனோடு ஒரு டீ குடித்துவிட்டு, கூட ஏறி உட்கார ஒருவர் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.